வாஷிங்டன் எந்தக் கட்சி?

போன மாதம் அக்கா மகன் ஒரு வினாடி வினாத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். கேள்வி இதுதான்: "அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்?" கீழே நான்கு விடைகள். அ) ஜனநாயகக் கட்சி, ஆ) குடியரசுக் கட்சி, இ) ஃபெடரலிஸ்ட் கட்சி, ஈ) விக் கட்சி.

"எதுவுமே இல்லடா. அவர் எந்தக் கட்சியிலும் சேரவே இல்லை" என்றேன்.

"அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே மாமா!"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் பெரியவர்களுக்கும் இதே குழப்பம்தான். மூன்றாவது அதிபர் ஜெஃபர்சனின் குடியரசுக் கட்சியையும் பதினாறாவது அதிபர் லிங்கனின் குடியரசுக் கட்சியையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள். வாஷிங்டனும் அவருடைய நிதியமைச்சர் ஹாமில்டனும் சேர்ந்து ஒரு கட்சியைத் தொடங்கினார்கள் என்பார்கள். உண்மையில் அங்கே யாரும் கொடியேற்றிப் பெயர் சூட்டிக் கட்சி தொடங்கவில்லை. கட்சி என்றாலே முகம் சுளித்த மனிதர்கள் ஒரு கடன் கணக்கில் சண்டை போட ஆரம்பித்து, பத்து வருஷத்துக்குள் தாங்களே இரண்டு கட்சிகளாகிப்போனார்கள். அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கோஷ்டி வேறு, கட்சி வேறு

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் பெரியப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். ஆளுக்கு நாலு பேர் ஒத்து ஊதுகிறார்கள். பந்தி முடிந்து இலை எடுத்ததும் சண்டையும் முடிந்துவிடும். இது கோஷ்டி.

இப்போது ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு வாருங்கள். தேர் எந்தத் தெருவில் திரும்புவது என்று போன வருஷம் எதிரும் புதிருமாக நின்ற அதே ஆட்கள், இந்த வருஷம் வரவு செலவிலும் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். பந்தல் காண்டிராக்டிலும் அப்படியே. அடுத்த தலைவர் தேர்தலுக்கு ஆளுக்கொரு வேட்பாளரை நிறுத்தி நோட்டீஸ் அடிக்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விஷயங்களிலும் ஒரே அணி, நிலைத்த ஒரு பெயர், தேர்தலுக்கு வேட்பாளர். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் அது கட்சி.

1787இல் பிலடெல்ஃபியாவில் கூடி அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் கட்சிகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டாத சாமான் என்று நினைத்தார்கள். நாடு இரண்டு பெரிய கட்சிகளாகப் பிரிவதுதான் தான் அஞ்சும் மிகப்பெரிய அரசியல் தீமை என்று ஜான் ஆடம்ஸ் 1780லேயே கடிதம் எழுதியிருக்கிறார். தாமஸ் ஜெஃபர்சன் 1789இல் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஒரு கட்சியோடு சேர்ந்துதான் சொர்க்கத்துக்குப் போக முடியும் என்றால், அங்கே போகவே மாட்டேன் என்றார். பின்னாளில் இந்த இருவரும்தான் இரண்டு கட்சிகளின் வேட்பாளர்களாக ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றார்கள். அதுவும் இரண்டு முறை.

முதலில் வந்த ‘ஃபெடரலிஸ்ட்’ கட்சியே அல்ல

எழுதிய அரசியலமைப்பை 13 மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பினார்கள். ஒன்பது மாநிலங்கள் சரி என்றால் போதும். வலுவான மத்திய அரசு வேண்டும், இதை ஏற்கலாம் என்றவர்கள் தங்களை ஃபெடரலிஸ்ட் என்று அழைத்துக்கொண்டார்கள். எதிர்த்தவர்களுக்கு ஆன்டி-ஃபெடரலிஸ்ட் என்று பெயர் விழுந்தது.

இது கல்யாண வீட்டுச் சண்டை ரகம். ஒரே கேள்வி, 1788இல் விடை கிடைத்ததும் அணிகள் கலைந்தன. இதற்குச் சாட்சி, அரசியலமைப்பை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன். அரசியலமைப்பை ஆதரித்து அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஜான் ஜேயும் இவரும் ‘பப்ளியஸ்’ என்ற ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். சில வருஷங்கள் கழித்து ஹாமில்டன் பக்கம் நின்றவர்களுக்கு அதே ஃபெடரலிஸ்ட் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டபோது, அவர்களை எதிர்த்து அணி கட்டியவர் இதே மேடிசன். பெயரை வைத்து ஆளைத் தேடினால் இங்கேயே வழி தப்பிவிடும்.

பதின்மூன்று பேர் கடன்

1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் வாஷிங்டன் பதவியேற்றார். தேர்தலில் கலந்துகொண்ட 69 தேர்வாளர்களும் அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். (தேர்வாளர் என்பவர், அதிபரைத் தேர்ந்தெடுப்பதற்காகவே ஒவ்வொரு மாநிலமும் நியமிக்கும் ஆள். மக்கள் நேரடியாக அதிபருக்கு ஓட்டுப் போடுவதில்லை.) நிதிக்கு ஹாமில்டனையும் வெளியுறவுக்கு ஜெஃபர்சனையும் அமைச்சர்களாக வைத்துக்கொண்டார். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் நல்ல யோசனைகள் வரும் என்று நம்பினார் போலிருக்கிறது.

முதல் தலைவலி கடன். சுதந்திரப் போருக்காக வாங்கியதில் மத்திய அரசின் தலையில் சுமார் 5.4 கோடி டாலர். மாநிலங்கள் தனித்தனியாக வாங்கியது சுமார் 2.5 கோடி டாலர். 1790 ஜனவரியில் ஹாமில்டன் ஒரு திட்டத்தை வைத்தார்: மாநிலக் கடன்களையும் மத்திய அரசே ஏற்றுக்கொள்ளட்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கூட்டுக் குடும்பத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். பதின்மூன்று அண்ணன் தம்பிகள், ஆளுக்கொரு கடன். "எல்லாவற்றையும் குடும்பக் கடனாக்கிப் பொதுப் பெட்டியிலிருந்து அடைப்போம்" என்கிறார் ஒருவர். நகையை விற்று, வயலை ஒத்திக்கு விட்டு, தன் பங்கைப் பெருமளவு அடைத்துவிட்ட தம்பிக்கு வயிறு எரியுமா எரியாதா? வர்ஜீனியா அந்தத் தம்பி. ஜெஃபர்சன், மேடிசன் இருவருக்கும் சொந்த மாநிலம் அது. பெருங்கடனில் இருந்த மாசசூசெட்ஸுக்கும் தென் கரோலினாவுக்கும் இதே திட்டம் தேனாக இனித்தது.

ஹாமில்டனின் கணக்கு கடனோடு நிற்கவில்லை. கடன் கொடுத்தவன் யார் வாசலைப் பார்ப்பான்? திருப்பித் தரப்போகிறவன் வாசலை. எல்லாக் கடனும் மத்திய அரசுடையது என்றாகிவிட்டால், நாட்டின் பணக்காரர்கள் அத்தனை பேரும் மத்திய அரசு நிலைத்து நிற்க வேண்டும் என்று சாமி கும்பிடுவார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஜெஃபர்சனுக்குப் பயமூட்டியதும் இதுவேதான்.

கூடவே இன்னொரு புண். போர்வீரர்கள் பலருக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரம், அதாவது ‘பிறகு தருகிறோம்’ என்று அரசு எழுதிக்கொடுத்த சீட்டு, கிடைத்திருந்தது. கஷ்ட காலத்தில் அதை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்கள். இன்று சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு முழுத் தொகை என்றார் ஹாமில்டன். முதலில் வாங்கிய வீரனுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றார் மேடிசன். காங்கிரஸில் மேடிசன் தோற்றார். (காங்கிரஸ் என்பது அங்கே நாடாளுமன்றத்தின் பெயர், நம் ஊர்க் கட்சியை நினைத்துக் குழம்ப வேண்டாம்.)

ஆனால் மாநிலக் கடனை ஏற்கும் பகுதியை மேடிசன் தடுத்து நிறுத்திவிட்டார். 1790 ஜூனில் ஒரு நாள் அதிபர் வீட்டு வாசலில் ஹாமில்டனைப் பார்த்ததாக ஜெஃபர்சன் பின்னாளில் எழுதினார். எப்போதும் மிடுக்காக உடுத்தும் மனிதர் அன்று முகம் வாடி, உடையைக்கூடக் கவனிக்காமல் நின்றாராம். திட்டம் தோற்றால் பதவி விலக வேண்டியதுதான் என்ற நிலை. ஜெஃபர்சன் அவரையும் மேடிசனையும் நியூயார்க்கின் மெய்டன் லேன் தெருவில் தான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் பேரம் படிந்தது. கடன் திட்டத்துக்கு வர்ஜீனியா பக்கம் ஓரிரண்டு ஓட்டுகள் மாறும். பதிலுக்கு, நாட்டின் தலைநகரம் தெற்கே போட்டோமாக் ஆற்றங்கரைக்கு வரும். இன்றைய வாஷிங்டன் நகரம் அங்கே இருப்பது அந்தச் சாப்பாட்டின் புண்ணியத்தில்.

அமெரிக்கக் கட்சிகள் பிறந்த இடத்தைக் காட்டு என்றால் நான் இந்த மேசையைத்தான் காட்டுவேன். சமரசமான இடத்தைப் போய்ச் சொல்கிறாயே என்று கேட்கலாம். ஆனால் சமரசம் கசந்த பிறகு வரும் பகை சாதாரணப் பகை அல்லவே. தன் அரசியல் வாழ்க்கையின் தவறுகளிலேயே தன்னை அதிகம் வருத்தியது இதுதான் என்று இரண்டே வருஷத்தில் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார் ஜெஃபர்சன்.

அடுத்து 1791இல் தேசிய வங்கி. வங்கி தொடங்கலாம் என்று அரசியலமைப்பில் எங்கே இருக்கிறது என்று ஜெஃபர்சன் கேட்டார். கூடாது என்று எங்கே இருக்கிறது, கொடுத்த வேலையைச் செய்யத் தேவையான கருவி இது என்றார் ஹாமில்டன். வாஷிங்டன் ஹாமில்டன் பக்கம் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை நடந்ததைப் பாருங்கள். கடனில் பிரிந்த அதே ஆட்கள், அதே வரிசையில், வங்கியிலும் பிரிந்திருக்கிறார்கள். கட்சிக்கான மூன்று அடையாளங்களில் முதலாவது வந்துவிட்டது. பெயரும் வேட்பாளரும் இன்னும் வரவில்லை.

சண்டை தெருவுக்கு வந்தது

தலைநகருக்குள் நடக்கும் சண்டை ஊருக்குத் தெரியப் பத்திரிகை வேண்டும். ஹாமில்டனைப் புகழ ஒரு பத்திரிகை ஏற்கெனவே இருந்தது. பதிலடி கொடுக்க, ஜெஃபர்சனும் மேடிசனும் ஃபிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞரைப் பிடித்தார்கள். வருஷம் 250 டாலர் சம்பளத்தில் வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. மீதி நேரத்தில் அரசைத் திட்டி ஒரு பத்திரிகை. அதாவது அரசின் அமைச்சர் ஒருவர், அரசுச் சம்பளம் வாங்கும் ஆளை வைத்து, அதே அரசின் இன்னொரு அமைச்சரைக் கிழிக்கிறார். இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று 1792 ஆகஸ்டில் வாஷிங்டன் தனித்தனியே கடிதம் எழுதிக் கெஞ்சிப் பார்த்தார். இருவருமே பதில் எழுதினார்கள், நீளமாக, தப்பு எதிராளி மேல்தான் என்று.

அப்புறம் பிரான்ஸ். மன்னர் தலையை வெட்டிய புரட்சி அரசு 1793இல் பிரிட்டனோடு போருக்கு இறங்கியது. ஜெஃபர்சன் ஆட்களுக்கு அது மக்கள் எழுச்சி. ஹாமில்டன் ஆட்களுக்கு அது கும்பல் வெறியாட்டம்; தவிர, அவர் வகுத்த வருமானம் பெருமளவு பிரிட்டனோடு நடக்கும் வியாபாரத்தின் சுங்கவரியை நம்பியிருந்தது. கடன் கணக்கு புரியாத சாதாரண ஆளுக்கும் ‘நீ பிரான்ஸா, பிரிட்டனா’ என்ற கேள்வி புரிந்தது.

வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் போட ஜான் ஜேயை அனுப்பினார். ஜே கொண்டுவந்த ஒப்பந்தத்தைக் கண்டு ஊர் ஊராக அவர் கொடும்பாவியை எரித்தார்கள். 1796 ஏப்ரலில் அதற்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில், அதாவது காங்கிரஸின் கீழவையில், 51க்கு 48 என்ற கணக்கில் தப்பியது. அதற்குள் பெயர்களும் நிலைத்துவிட்டன. ஒரு பக்கம் ஃபெடரலிஸ்ட்கள். மறுபக்கம், முடியாட்சி திரும்பி வருகிறது என்று பயந்த ஜெஃபர்சன் ஆட்கள் தங்களை ‘குடியரசினர்’ என்று சொல்லிக்கொண்டார்கள். பாடப்புத்தகங்களில் வரும் ‘ஜனநாயகக் குடியரசுக் கட்சி’ என்ற நீளப் பெயர், பிற்காலத்து ஆய்வாளர்கள் குழப்பம் தீர்க்க வைத்தது. தீர்ந்ததா என்பது வேறு விஷயம்.

வாஷிங்டன்? 1796 செப்டம்பரில் வெளியிட்ட பிரியாவிடை உரையில் கட்சி மனப்பான்மையைக் கடுமையாக எச்சரித்துவிட்டு ஊருக்குப் போனார். எந்தக் கட்சியிலும் பெயர் கொடுக்கவில்லை. ஆனால் முக்கியமான முடிவுகளில் பெரும்பாலும் ஹாமில்டன் சொன்னதே நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆளுக்கு இரண்டு ஓட்டு

மூன்றாவது அடையாளம் வேட்பாளர். இங்கேதான் அரசியலமைப்பின் இயந்திரம் மக்கர் செய்தது.

வகுப்புத் தலைவர் தேர்தல் மாதிரி யோசியுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவன் தலைவன், அடுத்தவன் துணைத் தலைவன். வகுப்பில் அணி எதுவும் இல்லையென்றால் இது அருமையான முறை. முதல் கெட்டிக்காரனும் இரண்டாம் கெட்டிக்காரனும் கிடைப்பார்கள். அணிகள் இருந்தால்? அரசியலமைப்பில் தேர்வாளர்களுக்கு வைத்திருந்த முறை இதுதான்.

1796இல் ஃபெடரலிஸ்ட்களின் ஜான் ஆடம்ஸுக்கு 71 ஓட்டு. அவரோடு துணை அதிபராக வர வேண்டிய தாமஸ் பிங்க்னிக்கு 59. நடுவில் 68 ஓட்டோடு எதிரணி ஜெஃபர்சன். ஆக, அதிபர் ஒரு கட்சி, துணை அதிபர் எதிர்க்கட்சி. நாலு வருஷம் அப்படியே ஓடியது.

அந்த நாலு வருஷத்தில் ஃபெடரலிஸ்ட்கள் 1798இல் ராஜத்துரோகச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். அதிபரையோ காங்கிரஸையோ அவதூறாக எழுதினால் சிறை, அபராதம். சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் துணை அதிபர் கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்தது ஜெஃபர்சன் அல்லவா! வெர்மான்ட் மாநில எம்.பி. மேத்யூ லையன், ஆடம்ஸைத் திட்டி எழுதியதற்காக நாலு மாதம் உள்ளே போனார். சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார். இவரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

1800 தேர்தலில் ஜெஃபர்சன் கட்சி பாடம் கற்றிருந்தது. அதன் தேர்வாளர்கள் அத்தனை பேரும் கட்டுப்பாடாக ஜெஃபர்சனுக்கு ஒன்று, துணைக்கு நிறுத்திய ஆரன் பர்ருக்கு ஒன்று என்று குத்தினார்கள். கட்டுப்பாடு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஜெஃபர்சன் 73, பர் 73. ஆடம்ஸ் 65. ஓட்டுச் சீட்டில் ‘இது அதிபருக்கு, இது துணைக்கு’ என்று எழுத வழியில்லை. பர்ரும் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

சமன் என்றால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும். மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அப்போது 16 மாநிலங்கள், ஒன்பது வேண்டும். 1801 பிப்ரவரி 11, பனிப்புயல். மேரிலாந்து எம்.பி. ஜோசப் நிக்கல்சனுக்குக் கடும் காய்ச்சல். அவர் வராவிட்டால் அந்த மாநிலம் பர் பக்கம் சாயும். கட்டிலோடு பனியில் தூக்கி வந்து பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் படுத்தபடியே சீட்டு எழுதிக் கொடுத்தார். ஜெஃபர்சனுக்கு எட்டு, பர்ருக்கு ஆறு, இரண்டு மாநிலங்கள் பாதிக்குப் பாதி. மறுபடி எண்ணினாலும் அதே கணக்கு. 35 சுற்று இப்படியே போனது.

பிப்ரவரி 17, 36ஆவது சுற்று. சில ஃபெடரலிஸ்ட்கள் விட்டுக்கொடுத்தார்கள். வெர்மான்டுக்கு இரண்டே எம்.பி.க்கள். ஃபெடரலிஸ்ட் எம்.பி. ஓட்டுப் போடாமல் ஒதுங்க, மீதி இருந்தவர் ஒருவர்தான். சிறைக்குப் போன அதே லையன். வெர்மான்ட் ஜெஃபர்சன் பக்கம் வந்தது, மேரிலாந்தும் வந்தது. பத்து மாநிலங்கள்.

மார்ச் 4 அன்று விடியுமுன்னே ஆடம்ஸ் வண்டியேறி ஊருக்குக் கிளம்பிவிட்டார். பதவியேற்பைப் பார்க்க அவருக்கு மனமில்லை. பகலில், "நாம் எல்லோரும் குடியரசினர், நாம் எல்லோரும் ஃபெடரலிஸ்ட்கள்" என்றார் ஜெஃபர்சன். 1804இல் அரசியலமைப்பின் 12ஆவது திருத்தம் வந்தது: அதிபருக்குத் தனி ஓட்டு, துணைக்குத் தனி ஓட்டு. கட்சி என்ற சொல் அதிலும் இல்லை. ஆனால் கட்சிகள் இருக்கின்றன என்று சட்டம் வாய்விடாமல் ஒப்புக்கொண்டது அன்றுதான்.

இந்த வெற்றியில் ஒரு கறையும் உண்டு. அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது; ஆனால் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். அதனால் தெற்கு மாநிலங்களுக்குத் தேர்வாளர்கள் கூடுதல். மக்கள் உரிமை பேசிய கட்சிக்கு அந்தக் கூடுதல் கைகொடுத்தது. முதல் ஐந்து அதிபர்களில் ஆடம்ஸைத் தவிர நால்வரும் வர்ஜீனியாக்காரர்கள், நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள்.

சுருக்கமாக, கடனும் வங்கியும் அணியைத் தந்தன. பத்திரிகையும் பிரான்ஸும் பெயரைத் தந்தன. ஆளுக்கு இரண்டு ஓட்டு என்ற முறை, கட்டுப்பாடான வேட்பாளர் பட்டியலைத் தந்தது.

அந்த இரண்டும் இந்த இரண்டு அல்ல

ஃபெடரலிஸ்ட்கள் அதற்குப் பிறகு எழவில்லை. 1812இல் பிரிட்டனோடு நடந்த போரை எதிர்த்தார்கள். போர் முடிந்ததும் துரோகிப் பட்டம் வந்தது. 1816இல் அவர்களுடைய வேட்பாளருக்கு 34 தேர்வாளர் ஓட்டு, ஜெஃபர்சன் கட்சியின் ஜேம்ஸ் மன்ரோவுக்கு 183. 1820இல் மன்ரோவை எதிர்க்க ஆளே இல்லை.

ஒரே கட்சி மிஞ்சினால் அது உள்ளுக்குள் உடையும். 1824இல் நால்வர் நின்றார்கள், நால்வரும் ஜெஃபர்சன் கட்சி. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர்கள், ஜான் குயின்சி ஆடம்ஸுக்கு (பழைய ஆடம்ஸின் மகன்) 84. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. பிரதிநிதிகள் சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு உதவிய ஹென்றி கிளே வெளியுறவு அமைச்சரானார். பேரம் பேசி ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்த ஜாக்சன் ஆட்களை, நியூயார்க்கின் மார்ட்டின் வான் பியூரன் ஊர் ஊராகச் சேர்த்துக் கட்டினார். 1828இல் ஜாக்சன் வென்றார். இன்றைய ஜனநாயகக் கட்சி இதுதான். எதிராளிகள் ஜாக்சனைக் கழுதை என்று கேலி செய்ய, அந்தக் கழுதை பின்னாளில் கட்சியின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஜாக்சனை மன்னர் என்று திட்டிச் சேர்ந்தவர்கள், பிரிட்டனில் மன்னரை எதிர்த்தவர்களின் பெயரை எடுத்துக்கொண்டு 1830களில் விக் கட்சி ஆனார்கள். இரண்டு அதிபர்களை ஜெயிக்க வைத்தார்கள். இருவரும் பதவியிலேயே இறந்துபோனார்கள். 1850களில் அடிமை முறைப் பிரச்சினையில் கட்சியே சிதறியது. புதிய பிரதேசங்களில் அடிமை முறையை அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யலாம் என்ற கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1854இல் வந்தது. அதை எதிர்த்து அந்த வருஷம் விஸ்கான்சினின் ரிப்பன் ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கூடியவர்களும், மிச்சிகனில் கூடியவர்களும் எழுப்பியதுதான் இன்றைய குடியரசுக் கட்சி. ஜெஃபர்சன் கால நினைவுக்காக அந்தப் பழைய பெயரைத் தெரிந்தே எடுத்தார்கள். பெயர் வந்தது, வம்சம் வரவில்லை. பழைய விக் கட்சிக்காரரான லிங்கன் 1860 தேர்தலில் வென்று அதன் முதல் அதிபரானார்.

இதில் பாதி சொல்வதற்குள் அக்கா மகன் பேனாவைத் திறந்துவிட்டான். "சரி மாமா, நான் எதை டிக் பண்றது?"

வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பரில். அன்றைக்கு அ, ஆ, ஈ மூன்றும் பிறக்கவே இல்லை. "இ-யைப் போடு. பக்கத்தில் பொடியா ‘ஆனால் சேரவில்லை’ன்னு எழுது" என்றேன். எழுதினான். தாள் திரும்பி வந்தபோது மார்க் முழுசாக இருந்தது. அவன் பொடியாக எழுதியதை மட்டும் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள்.